தூண்டில் மணி

ஹாலாஸ்யம் சார் அவர்களுக்கு,

கெண்டை மீன் இரையை உடனே விழுங்காது. முதலில் உதட்டால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும், விலகும், மறுபடி வரும். அந்த முதல் தட்டைக் கையில் வாங்கத் தெரிந்தவன்தான் தூண்டில்காரன். மற்றவர்கள் கண்மாய்க் கரைக்குக் காற்று வாங்க வந்தவர்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பேயாண்டி. என் மனைவி செல்லத்தாயின் தம்பி. நீங்கள் மாதாமாதம் சைக்கிளில் வெள்ளை மாத்திரை கொண்டுவந்து கொடுத்த உங்கள் நோயாளி.

போன புதன்கிழமை திருமங்கலத்தில் என் ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு வந்தீர்கள். பேயாண்டியின் கார்டை முடித்து ஆபீசில் ஒப்படைக்க வேண்டும், சிகிச்சை நின்றதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றீர்கள். தண்ணீரில் தவறி விழுந்து சாவு என்று போலீஸ் எழுதியதையே எழுதிக்கொள்ளலாமே என்றேன். நீங்கள் பேனாவை மூடினீர்கள். வழுக்குகிற இடத்துக்குப் போகவே கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன், நான் சொன்னதை ஒருநாளும் மீறாத ஆள், மடைப்படியில் ஏன் இறங்கினார் என்று கேட்டீர்கள். நான் ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்து வைத்திருந்தேன். வேலை கிடக்கிறது, பிறகு சொல்கிறேன் என்றேன். வரவழைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். கார்டில் இவ்வளவுக்கு இடம் இருக்காது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள்.

நானும் பேயாண்டியும் பத்து வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ந்து மீன் பிடித்தவர்கள். அவன் அப்போது மதுரையில் ஒரு மில்லில் வேலை பார்த்தான். சனிக்கிழமை ஷிப்டு முடிந்து பஸ் ஏறி வந்துவிடுவான். கரையில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வான். தூண்டில் நரம்பு லேசாக அசையும். "கெளுத்தி" என்பான், கெளுத்தி வரும். "இது சின்னப் பய, விட்ருவோம் மச்சான்" என்பான், விரலளவு குஞ்சு வரும். மீன் இவனிடம் பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறது என்று நான் கேலி பேசுவேன். என் கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல காரியம் இவன்தான் என்று செல்லத்தாயிடமே சொல்லியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், அவளுக்கும் தம்பி என்றால் உயிர்.

எழுபத்து நாலில் ஒரு ஞாயிறு. அவன் முள்ளில் மாட்டிய இரை காணாமல் போய்க்கொண்டே இருந்தது. தக்கை முங்குவதை நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன், கம்பைக் கையில் பிடித்திருந்தவனுக்குத் தெரியவில்லை. "என்ன மாப்ள, மீனுக்குப் பந்தி வைக்கிறியா" என்றேன். சிரித்தான். அடுத்த வாரம் பீடி அவன் விரலிடுக்கில் அடிவரை எரிந்து தோலைச் சுட்டது. நாற்றம் எனக்கு வந்தது, சூடு அவனுக்கு உறைக்கவில்லை. அவன் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை சார், மீன்தான்.

அதற்குப் பிறகு நடந்தவை உங்கள் தொழுநோய்க் கார்டிலேயே இருக்கும். விரல்கள் மடங்கின, பாதத்தில் புண் வந்தது, மில் வேலை போனது. அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததை நிறுத்தினோம். திருமங்கலத்துக்கு மேற்கே என் மாமனார் விட்டுப்போன ஒரு குறுக்கம் நிலமும், கண்மாயை ஒட்டி ஒரு பம்புசெட்டு அறையும் இருந்தன. அவனை அங்கே குடிவைத்தேன். வீட்டில் வயதுக்கு வரப்போகிற பெண் இருக்கிறாள் என்று காரணம் சொன்னேன். சொந்தக்காரர்களிடம் பேயாண்டி பம்பாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னோம். அந்தப் பொய் என்னுடையது, செல்லத்தாயுடையது இல்லை. அவள் வெள்ளிக்கிழமைதோறும் தூக்குவாளியில் சோறு எடுத்துப் போய், புண் கழுவி மருந்து வைத்துக் கட்டிவிட்டு வருவாள். நான் ஞாயிற்றுக்கிழமை போவேன்.

அவனால் கம்பைப் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் மீன் வந்தது தெரியவில்லை. அதனால் நான் பக்கத்தில் முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, அவன் கைமேல் என் கையை வைத்துக் கம்பைப் பிடிப்பேன். மீன் தட்டியதும் சொல்வேன். இப்படி ஒரு வருஷம் ஓடியது.

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர், கல்லூரி வாத்தியார், ரேடியோவோடு சேர்த்து ஒரு இங்கிலீஷ் எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையையும் கடையில் வைத்துவிட்டுப் போனார். புரட்டினால் அதில் தூண்டிலுக்கு ஒரு சர்க்யூட். வெள்ளைக்காரர்கள் ஏரிக்கரையில் கம்பை நட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் படுத்துக்கொள்வார்களாம். மீன் கடித்தால் மெஷின் கூப்பிடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பேயாண்டி ஞாபகம் வந்தது.

ஒரு வாரத்தில் செய்துவிட்டேன். ஒரு சோப்புப் பெட்டி, பழைய ரிலேயில் கழற்றிய இரண்டு தகடு, நெம்புகோல் மாதிரி ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ், ஒன்பது வோல்ட் பேட்டரி. நரம்பை அந்தக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி விட வேண்டும். மீன் இழுத்தால் தகடுகள் ஒட்டும். நாற்பதடி ஒயர் இழுத்து, பம்புசெட்டு அறைக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டினேன். மீன் இரையைத் தட்டினால் விட்டுவிட்டுக் கத்தும், பெரிய மீன் பிடித்து இழுத்தால் நிறுத்தாமல் கத்தும். பேயாண்டி அதை மணி என்றுதான் சொல்வான்.

முதல் நாள் மணி அடித்தபோது அவன் அறைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோற்றை வைத்துவிட்டு அப்படியே என்னைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"கையில போனது காதுல வந்துருச்சு மச்சான்" என்றான்.

செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி ஒரு தோல்வார் தைத்து வாங்கிக் கொடுத்தேன். அதை மணிக்கட்டில் மாட்டிக் கம்போடு கொக்கி போட்டுவிட்டால், விரல் உதவியில்லாமல் முழங்கைப் பலத்திலேயே இழுத்துவிடுவான். நீங்கள்கூட அதைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று என்னைப் பாராட்டினீர்கள். செல்லத்தாய் அக்கம்பக்கத்தில் சொல்ல முடியாமல் என்னிடம் மட்டும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பங்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. மணி வந்தபிறகு நான் அவன் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. அவன் கைமேல் கை வைக்க வேண்டியதில்லை.

நீங்கள் இரண்டு தடவை எனக்கு விளக்கிச் சொன்னீர்கள். கிருமி இல்லை, ரிசல்ட் நெகட்டிவ், இனி யாருக்கும் ஒட்டாது, விரல் மடங்கியது மடங்கியதுதான், அது நோய் இல்லை, நோய் விட்டுப்போன தழும்பு என்றீர்கள். என் கண் முன்னால் அவன் கையை உங்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே பேசினீர்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. சர்க்யூட் புரிகிற ஆளுக்கு இது புரியாதா? நம்பவும் செய்தேன். இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு யாராவது எனக்காகப் பேசக் கூடாது.

போன ஐப்பசியில் என் மகள் தங்கப்பொண்ணுக்குப் பரிசம் போட்டோம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் விருமாண்டி, உசிலம்பட்டிப் பக்கம், நல்ல சம்சாரி, வாய் கொஞ்சம் பெரியது. தைமாசம் கல்யாணம் என்று பேசி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, தாய்மாமன் பம்பாயிலிருந்து எப்போது வருகிறார் என்பதுதான். எங்கள் பக்கத்துக் கல்யாணம் உங்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். சபையில் அத்தனை கண்ணும் அந்தக் கையைத்தான் பார்க்கும். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருவன் அந்த மாலையைத் தொட்டால் பெண் வீட்டில் என்ன கோளாறு என்று பத்துப் பேர் கேட்பார்கள். தாய்மாமன் இறந்துபோயிருந்தால் ஒரு கேள்வியும் இல்லை. அவன் பங்காளி ஒருவன் நின்றால் போதும்.

செல்லத்தாயிடம் பேசிப் பார்த்தேன். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"எந் தம்பி கை படாம எம் மக மணவறை ஏற மாட்டா. அம்புட்டுத்தான்."

முழுக்கைச் சட்டை போட்டு, கையில் துண்டைச் சுற்றிக் கூட்டிவரலாம் என்பது அவள் யோசனை. துண்டுக்குள்ளிருந்து மாலையை எப்படி எடுப்பான்? நான் கேட்கவில்லை. ஒரே மகள் சார். கல்யாணம் முறிந்த பெண் என்று பெயர் வந்துவிட்டால், அதற்குக் காரணம் இன்னதென்றும் வெளியே வந்துவிட்டால், அவளை யார் கட்டுவார்கள்? நீங்களும் பெண்ணைப் பெற்றவர். ஒரு தகப்பன் என்ன செய்வான் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

நானும் நிதானமாகத்தான் யோசித்தேன். கார்த்திகை பிறந்து கண்மாய் நிறைந்து கிடந்தது. பேயாண்டியின் கம்பு அதுவரை அறைக்கு எதிரே சரிவான மண்கரையில், ஓரத்திலேயே இருக்கும். மடைப் பக்கம்தான் விரால் கிடக்கிறது, கம்பை அங்கே மாற்றுவோம் என்றேன். ஹாலாஸ்யம் சார் வழுக்குற இடம் ஆகாதுன்னு சொல்லியிருக்காரே மச்சான் என்றான். நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்றேன். உடனே சரி என்றுவிட்டான். உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். உங்கள் பேச்சை மீறியவன் இல்லை அவன். என் பேச்சையும் மீறியதில்லை.

மடையில் கல்படிகள் உண்டு, ஏழெட்டு. அதற்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி. பக்கத்தில் ஆளுயரச் சுவர். அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் படியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. நான் இன்னொரு நரம்பு எடுத்து, அவன் தூண்டில் நரம்பில் தண்ணீருக்குள் முடிச்சுப் போட்டு, சுவரைச் சுற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். திருமங்கலத்துக்குப் போய் பீடி வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

இரண்டு ஞாயிறு வெறுமனே ஒத்திகை பார்த்தேன். நரம்பை லேசாகச் சுண்டினால் அறையில் மணி விட்டுவிட்டுக் கத்தும். அவன் நீங்கள் கொடுத்த ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு சரக் சரக்கென்று வருவான். அறையிலிருந்து படிக்கு வர எத்தனை நேரம், எந்தப் படியில் நிற்கிறான், எந்தக் கால் முன்னால் வைக்கிறான் என்று கவனித்துக்கொண்டேன். வந்து பார்த்தால் முள்ளில் ஒன்றும் இருக்காது. நான் பீடியோடு திரும்பியதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "மீனு நம்மளோட வெளையாடுது மச்சான். இருக்கட்டும், அதுக்கும் பொழுது போகணும்ல." அவனுக்கு அந்த ஏமாற்றம்கூடப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க ஆள் முகம் பார்க்காதவன், ஒரு மீன் தன்னை நினைத்து வந்துபோனது என்று இருந்தான்.

மூன்றாவது ஞாயிறு, பகல் பதினோரு மணி இருக்கும். நல்ல வெயில். நரம்பை விட்டுவிட்டு இழுத்தேன், பிறகு நிறுத்தாமல் இழுத்துப் பிடித்தேன். மணி கத்திக்கொண்டே இருந்தது. ஓட முடியாத காலால் ஓடிவந்தான். கம்பு வளைந்திருப்பதைப் பார்த்திருப்பான். வாரைக் கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டது. "பெருசு, ரொம்பப் பெருசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் அந்தப் பக்கம் இழுத்தான். நான் இந்தப் பக்கம் இழுத்தேன். நரம்பு வழியாக அவன் பலம் முழுதும் என் கைக்கு வந்தது. பழைய பேயாண்டியாக இருந்திருந்தால் முதல் இழுப்பிலேயே, இது மீன் இல்லை, மச்சான் கை என்று சொல்லியிருப்பான். ஒரு வெட்டு இழுத்தேன். பாசிப்படியில் அவன் கால் போனது.

என் நரம்பை அறுத்துச் சுருட்டி வைத்துவிட்டு நான் சுவரைச் சுற்றிப் படிக்கு வந்தேன். அவன் இரண்டு தரம் முங்கி எழுந்திருந்தான். வலது கை கம்போடு மாட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"வந்துட்டீகளா மச்சான்" என்றான்.

இடது கையை நீட்டினான். மூன்று முழம்தான் இருக்கும். நான் குனிந்தால் எட்டும். எனக்கு நீச்சலும் தெரியும். நான் படியில் நின்றேன். அவன் எதையும் கேட்கவில்லை, திட்டவில்லை. பிடித்துவிடுவேன் என்றே கடைசிவரை கையை நீட்டிக்கொண்டிருந்தான். கம்பு குறுக்கே சிக்கி நரம்பு விறைப்பாக நின்றதால் அறையில் மணி அடங்கவே இல்லை. தண்ணீர் அமைதியான பிறகும் அது கத்திக்கொண்டிருந்தது. போய்ப் பேட்டரியைப் பிடுங்கினேன். அதன்பிறகுதான் ரோட்டுக்கு ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். நோய் இருந்த உடம்பு என்று அவர்கள் காதில் மட்டும் போட்டதும் கிட்டே வந்து பார்க்கவில்லை. கையை வேட்டியால் மூடி அன்றைக்கே அடக்கம் செய்தோம். கல்யாணத்துக்காக பம்பாயிலிருந்து வந்தவன் தவறி விழுந்துவிட்டான் என்று விருமாண்டி வீட்டுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் ஆட்களோடு வந்து துக்கம் கேட்டுவிட்டு, தேதியை மாற்ற வேண்டாம் என்று சொல்லிப் போனார். தையில் கல்யாணம் நடந்தது. பேயாண்டியின் பங்காளி காளை மாலை போட்டான். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தங்கப்பொண்ணு மட்டும் காளையின் கையைப் பிடித்து நடக்கும்போது விம்மி அழுதாள், மை கரைந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவனைப்போல ஒரு துணை இனி எனக்குக் கிடையாது.

மகள் கல்யாணத்துக்காகச் செய்தேன் என்று இங்கே கையெழுத்துப் போட்டு முடித்துவிடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் இந்தக் காகிதத்தை மடித்துப் பையிலேயே வைத்திருந்தேன். ஒன்றை விட்டுவிட்டேன் சார். மறந்து விட்டதில்லை.

அந்த மூன்றாவது ஞாயிறு காலையில், நான் கம்பை நட்டுக்கொண்டிருந்தபோது பேயாண்டி வந்து பக்கத்தில் நின்றான். வெள்ளிக்கிழமை செல்லத்தாய் வந்தபோது அவளிடம் அழுது பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டதாகச் சொன்னான்.

"அக்கா ஒத்துக்கிருச்சு மச்சான். காளை நிக்கட்டும். எனக்கு பம்பாயில லீவு கெடைக்கலைன்னு சொல்லிருங்க, கேக்குறவுக கேட்டுட்டுப் போறாக. கல்யாணம் முடிஞ்சதும் ஒருநா புள்ளைய இந்தப் பக்கம் கூட்டிட்டு வாங்க, தள்ளி நின்னு பாத்துக்கிறேன். நீங்க வெசனப்படாதீக."

சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தான். கல்யாணக் கவலை அதோடு தீர்ந்துவிட்டது. எனக்கும் அது தெரிந்தது. நல்லது மாப்ள என்றேன். தோளைக்கூட நான் குறுக்கிக்கொள்ளவில்லை. அவன் மனம் நோகக் கூடாது என்று அப்படியே நின்றேன்.

அவன் அறைக்குப் போனதும் சட்டையைக் கழற்றினேன். தோள்பட்டையை மட்டும் அலசினால் போதும் என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை. முழுச் சட்டையையும் கண்மாயில் மூன்று தரம் அலசி, பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து நரம்பைக் கையில் எடுத்தேன்.

செல்லத்தாய் வந்து சேர்ந்தபோதும் அது காயவில்லை. அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந் தம்பியக் காப்பாத்தத் தண்ணியில குதிச்சீகளா என்று கேட்டு அழுதாள். ஆமாம் என்றேன்.